அறுபத்தெட்டரை சதவீதம்

பார்ட்ஸ்டவுன், கென்டக்கி
30 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி அழகுராஜா எழுதுவது. இங்கே நான் சுகம். பனி முழங்கால் வரை கிடக்கிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மதினிக்கு சுகர் எவ்வளவு, பாண்டீஸ்வரி நர்சிங் காலேஜ் விடுதியில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று எழுதவும்.

போன வாரம் வீடியோவில் நான் பேசியது எதுவும் உங்களுக்குக் கேட்கவில்லை என்று தெரியும். நான் வாயசைக்க, நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுவிட்டு போனை மதினியிடம் கொடுத்துவிட்டீர்கள். கதிரடிக்கும் மெஷின் உங்கள் காதைக் கொண்டுபோனதில் எனக்கு ஒரே ஒரு லாபம். இங்கே இருக்கிற நம்மாட்கள் யாருக்கும் இந்தக் காலத்தில் அண்ணன் கையெழுத்தில் கடிதம் வருவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு ஒரு பாட்டில் விஸ்கி அனுப்புகிறேன். எங்கள் கம்பெனியில் பீப்பாய்களை ருசி பார்த்துக் குறிப்பு எழுதுகிறவர்கள் ஐந்து பேர். வருஷத்துக்கு ஒரு பீப்பாயைத் தன் பெயரில் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. நான் எடுத்தது ஆறாவது சரக்குக் கிட்டங்கியின் மேல்தளத்தில் பதினோரு வருஷம் கிடந்த பீப்பாய். எல்லாம் நீங்கள் விதைக்கிற மக்காச்சோளம்தான். உள்பக்கம் கருக்கிய புது மரப் பீப்பாயில் ஊற்றி வைப்பார்கள். மேல்தளத்தில் சூடு அதிகம். மரத்தின் வழியாகத் தண்ணீர்தான் அதிகமாக வெளியேறும், சாராயம் தங்கும். அதனால் வயது கூடக் கூட வீரியமும் கூடும். இறக்கியபோது அறுபத்தெட்டரை சதவீதம் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே அடைத்தது. நம் ஊர்க் கடைச் சரக்கு நாற்பத்திரண்டே முக்கால். பாட்டில் மேல் 137 என்று போட்டிருக்கும். அது இந்த நாட்டுக் கணக்கு, பாதியாக்கிக்கொள்ள வேண்டும்.

இதை எடுத்த எடுப்பில் குடிக்கக் கூடாது அண்ணே, முதலில் மோக்க வேண்டும். மூக்கைத் தம்ளருக்குள் விடாதீர்கள், சுருக்கென்று அடிக்கும். தாடைக்கு நேராகப் பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு மூச்சை இழுங்கள். முதல் சொட்டு நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். அது எரியும், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது சொட்டை மெல்லுவதுபோல வாயில் உருட்டி, விழுங்கி, வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். அப்போதுதான் அது பேச ஆரம்பிக்கும். அதன்பிறகு ஒரு மூடிக்கு ஒரு மூடித் தண்ணீர் சேருங்கள். தண்ணீர் பட்டதும் அதுவரை ஒளிந்திருந்த வாசனை ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரு நாளைக்கு ஒரு மூடி. கை நீண்டால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம், இது விளையாட்டுச் சரக்கு இல்லை.

மோந்து பார்த்துவிட்டு என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். இங்கே எல்லோரும் வனிலா, செர்ரி என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வைக்கோல் போருக்குள் கையை விட்டு மோந்து, "உள்ள நனஞ்சிருக்குடா" என்று சொல்கிறவர் நீங்கள். நம் குடும்பத்தில் மூக்கு உங்களுக்கு இருக்கிறது, சம்பளம் எனக்கு வருகிறது.

லூயிவில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மதுரைக்காரர் இம்மானுவேல் மார்ச் 15ஆம் தேதி லீவில் ஊருக்கு வருகிறார். பாட்டிலை இப்போதே அவர் பெட்டியில் வைத்தாகிவிட்டது. அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

மதினிக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி
அழகுராஜா


புங்கம்பட்டி, உசிலம்பட்டி வட்டம்
22.2.2025

பிரியமுள்ள தம்பி அழகுராஜாவுக்கு,

அண்ணன் பேயாண்டி எழுதிக்கொண்டது. கருப்பசாமி புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நல்லபடி. முழங்கால் பரவாயில்லை. மதினிக்கு சுகர் இறங்கியிருக்கிறது. உன் உடம்புக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்கிறதா?

உன் கூட்டாளி இம்மானுவேல் முந்தாநாள் வந்தார். அவர் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஒடிந்துவிட்டதாம். டிக்கெட்டை மாற்றிப் பறந்து வந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிற மனுஷன், உசிலம்பட்டி பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து, பாட்டிலைப் பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போனார். "இத எப்புடிய்யா குடிக்கணும்?" என்று கேட்டேன். என் காதில் வாயை வைத்து, "என்னையக் கேக்காதீங்கண்ணே, கோயில்ல குடுக்குற திராட்ச ரசத்தத் தவிர நான் எதையும் தொட்டதில்ல" என்று கத்தினார். தெருவே சிரித்தது.

பாட்டிலோடு சீட்டு எதுவும் இல்லை. உன் கடிதமும் வரவில்லை. மதினி பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக் கனமா கண்ணாடி போட்டா உள்ள எம்புட்டு இருக்கும்?" என்கிறாள். கழுத்தில் அரக்கு, மேலே 137 என்று பெரிய எழுத்து. உன் பீப்பாய் நம்பராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் இன்னும் திறக்கவில்லை. வருகிற புதன் சிவராத்திரி. மறுநாள் அமாவாசை உச்சிப்பொழுதில் கண்மாய்க்கரைக் கருப்புக்குப் படையல். கருப்பு என் மேல் இறங்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் கடையில் வாங்கிய ஆஃப் ஒன்றைத்தான் கையில் கொடுக்கிறார்கள். இந்த வருஷம் என் தம்பி தேர்ந்தெடுத்த சரக்கு, முழுப் பாட்டில். அரக்கை அவர் முன்னால்தான் உடைக்க வேண்டும். முதல் வாய் எச்சில் படாமல் அவருக்கு. அவர் மிச்சம் வைத்தால் நான் குடித்துப் பார்த்து எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

பூசாரி கருத்தக்கண்ணன் மச்சானிடம் சொன்னேன். "மாப்ள, அமெரிக்காச் சரக்கு ஏறுச்சுன்னா கருப்பு இங்கிலீசுல குறி சொல்லுவாரு, எவனுக்குடா வெளங்கும்?" என்கிறார். "ஒனக்குத் தமிழ்ல சொன்னதே வெளங்கலயே மச்சான்" என்றேன்.

மழை இல்லை. கடலை சுமார். நேரத்துக்குச் சாப்பிடு. மற்றவை உன் கடிதம் கண்டு.

இப்படிக்கு
உன் அண்ணன் பேயாண்டி


பார்ட்ஸ்டவுன்
20 மார்ச் 2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் சுகத்தை எந்த வாயால் விசாரிப்பது என்று தெரியவில்லை. சாப்பிடுகிறீர்களா? பாண்டீஸ்வரி உங்கள் பக்கத்தில் இருக்கிறாளா?

அண்ணன் போய்விட்டார் என்று 27ஆம் தேதி போன் வந்ததிலிருந்து நான் ஊருக்கு வர முயன்ற கதை உங்களுக்குத் தெரியும். விசா புதுப்பிக்கும் காகிதம் பாதியில் நிற்கிறது. வெளியே போனால் திரும்ப விட மாட்டார்கள் என்று வக்கீல் சொன்னார். வேலை போனால் போகட்டும் என்று கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. அண்ணனைத் தூக்கியதை நான் போனில் பார்த்தேன். பாதியில் சிக்னல் போய்விட்டது.

திங்கட்கிழமை அண்ணனின் கடிதம் வந்தது. அவரை எடுத்துப் பதினேழு நாள் கழித்து அவர் கையெழுத்து வந்து என் வாசல் பெட்டியில் கிடக்கிறது. சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். பாட்டிலைக் கருப்புக்கு வைக்கப்போவதாக எழுதியிருக்கிறார். நான் எழுதிய கடிதம் அவருக்கு வரவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

மதினி, எல்லோரும் மாரடைப்பு என்கிறார்கள். சாமியாடி முடித்து வெயிலில் விழுந்தார் என்கிறார்கள். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும். அந்தப் பாட்டிலைக் கருப்புக்கு வைத்தீர்களா? அண்ணன் சாமியாக இருந்தபோது அதைக் குடித்தாரா? போனில் கேட்டால் உங்களைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். எதையும் மறைக்காமல் பதில் போடுங்கள்.

உங்கள் கொழுந்தன்
அழகுராஜா


புங்கம்பட்டி
28.4.2025

அன்புள்ள தம்பிக்கு,

மதினி செல்லத்தாய் எழுதுவது. நான் இருக்கிறேன். பாண்டீஸ்வரி நாற்பதாம் நாள் காரியம் வரை இருந்துவிட்டுக் காலேஜுக்குப் போய்விட்டாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபிக்காதே.

நீ கேட்டதற்கு எழுதுகிறேன். மாரடைப்புதான். உன் பாட்டிலைக் கருப்புக்கு வைக்கவில்லை. கருத்தக்கண்ணன் அண்ணன், வெளிநாட்டுப் பாட்டில் ஆகாது என்று கடைசி நேரத்தில் சொல்லிவிட்டார். எப்போதும்போலக் கடையில் வாங்கிய ஆஃப்தான் வைத்தது. அதில் கொஞ்சம்தான் உன் அண்ணன் குடித்தார்.

உன் பாட்டிலை அதற்கு முன்னாலேயே திறந்துவிட்டார். உனக்குக் கடிதம் எழுதிப் போட்ட அன்றைக்கே ஆசை பொறுக்கவில்லை. தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மூடி, அதற்கு ஒரு மூடித் தண்ணீர். அப்படித்தான் குடித்தார். ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

நீ எழுதிய கடிதமும் வந்து சேர்ந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். நீ எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அவருக்கு ஆயுசு அவ்வளவுதான்.

போனில் பேசினால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. நீ எழுது, நானும் எழுதுகிறேன்.

மதினி
செல்லத்தாய்


பார்ட்ஸ்டவுன்
16 மே 2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டதாகப் பாண்டீஸ்வரி சொன்னாள். தயவுசெய்து போடுங்கள்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல முடியாது. இரண்டரை மாதத்தில் அன்றைக்குத்தான் தூங்கினேன். 27ஆம் தேதிக்குப் பிறகு ருசி மேஜையில் என்னால் உட்கார முடியவில்லை. தம்ளரை எடுத்து அப்படியே கீழே வைத்துவிடுவேன். கிட்டங்கியில் பீப்பாய் எண் சரிபார்க்கிற வேலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்தத் திங்கட்கிழமை திரும்ப மேஜைக்குப் போனேன். அண்ணன் என் சரக்கை நிதானமாக, தண்ணீர் விட்டு, நாலைந்து நாள் ரசித்துக் குடித்துவிட்டுத்தான் போனார் என்று நினைக்கும்போது மூச்சு விட முடிகிறது.

இன்னும் ஒன்று கேட்கலாமா? அவர் மோந்து பார்த்துவிட்டு என்ன சொன்னார்? என்ன வாசனை வந்தது என்றார்? பெரிதாக ஒன்றும் வேண்டாம், நாலு வார்த்தை போதும். நான் அவரிடம் கேட்டது அது ஒன்றைத்தான். நினைவிருக்கிறவரை எழுதுங்கள். மீதி எவ்வளவு இருக்கிறது? ஊற்றிவிடாதீர்கள், நான் வந்து பார்க்க வேண்டும்.

உங்கள் கொழுந்தன்
அழகுராஜா


புங்கம்பட்டி
30.6.2025

அன்புள்ள தம்பிக்கு,

மதினி எழுதுவது. மாத்திரை போடுகிறேன். நீ இளைத்துவிட்டதாகப் பாண்டீஸ்வரி போட்டோ காட்டினாள். சோற்றை வடித்துச் சாப்பிடு, ரொட்டியைத் தின்றுகொண்டு கிடக்காதே.

உன் அண்ணன் சொன்னதை நினைவுபடுத்தி எழுதியிருக்கிறேன். முன்பின் இருந்தால் மன்னித்துக்கொள்.

முதலில் ரொம்ப நாள் பூட்டியிருந்த மரப்பெட்டியைத் திறந்தது மாதிரி ஒரு வாசனை என்றார். அதற்கு அடியில், அச்சு வெல்லம் வைத்திருந்த பானையைக் கழுவி வெயிலில் கவிழ்த்தால் வருமே, அது. வெல்லம் இல்லை, வெல்லம் இருந்த வாசனை. அப்புறம் தீ அணைந்த அடுப்பில் மறுநாள் காலையில் சாம்பல் அள்ளும்போது வருகிற வாசனை. கடைசியில் துணிக்கு நடுவே போட்டு வைத்த கிராம்பு. புது மாட்டுக் கயிறு மாதிரியும் ஒன்று லேசாக வந்தது. எல்லாமே மெதுவாக, அமைதியாக இருந்தது. தொண்டைக்கு இதமாக இருந்தது என்றார்.

மீதியைக் கருத்தக்கண்ணன் அண்ணன் கேட்டார் என்று கொடுத்துவிட்டேன். நீ வைக்கச் சொல்லி எழுதியது அப்புறம்தான் வந்தது. வெறும் பாட்டில்தான் இருக்கிறது.

மதினி
செல்லத்தாய்


பார்ட்ஸ்டவுன்
22 ஜூலை 2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நான் சாப்பிடுகிறேன். சோறுதான்.

நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்ததும் முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த மேஜையில் இருபது வருஷம் உட்கார்ந்தவர்களுக்குக்கூட 'வெல்லம் இல்லை, வெல்லம் இருந்த வாசனை' என்று எழுத வராது. அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு சின்ன சீசா எங்களிடம் எப்போதும் இருக்கும். அதை எடுத்து ஊற்றி, உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மோந்தேன். முதலில் வந்தது காய்ச்சுகிற பாகு. அப்புறம் சுட்ட மக்காச்சோளம், வறுத்த கடலை. எல்லாவற்றுக்கும் முன்னால் மூக்கில் ஊசி குத்துகிற மாதிரி சாராய நெடி. உங்கள் கடிதத்தில் இருப்பது எதுவும் அந்த வரிசையில் வரவில்லை.

தம்ளரைக் கவிழ்த்துவிட்டுக் கழுவாமல் போய்விட்டேன். மறுநாள் காலையில் அது மேஜையிலேயே இருந்தது. எடுத்து மோந்தேன். பூட்டியிருந்த மரப்பெட்டி. பிறகு வெல்லம் இருந்த பானை. சாம்பல், கிராம்பு, கயிறு. நீங்கள் எழுதிய அதே வரிசை.

மதினி, அது குடித்தவர் சொன்னது அல்ல. காலியாகிக் காய்ந்துபோன பாட்டிலை மோந்தவர் சொன்னது. அறுபத்தெட்டரையை வாயில் வைத்த யாரும் எரிச்சலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இருக்க முடியாது. சம அளவு தண்ணீர் விட்டாலும் எரியும். தொண்டைக்கு இதம் என்று அதை இதுவரை யாரும் சொன்னதில்லை.

கருத்தக்கண்ணன் மச்சானுக்குப் போன் போட்டு, "மீதிச் சரக்கு எப்படி மச்சான் இருந்துச்சு?" என்று கேட்டேன். "எந்தச் சரக்குப்பா?" என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்காகத்தான் அந்தக் காலிப் பாட்டிலை மோந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனாலும் கேட்கிறேன். என்ன நடந்தது?

அழகுராஜா


புங்கம்பட்டி
5.10.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் ஆகஸ்டு மாதமே வந்துவிட்டது. இரண்டு மாதமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். நீ கேட்காமல் இருந்திருந்தால் கட்டையில் போகிறவரை சொல்லியிருக்க மாட்டேன். இனி மறைப்பதில் அர்த்தம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலையில் பாட்டிலை நான்தான் மஞ்சள் தண்ணீரில் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துக் கொடுத்தேன். பன்னிரண்டரை மணி இருக்கும். கறி, கருவாடு, முட்டை, சுருட்டு எல்லாம் பரப்பி வைத்தாகிவிட்டது. மேளம் ஏறியதும் அவருக்குச் சாமி இறங்கியது. அரிவாள் முனையால் அரக்கைத் தட்டினார். பாட்டிலை அண்ணாந்து வாயில் வைத்தார்.

மற்ற வருஷம் ஆஃப் பாட்டிலில் பாதி குடித்துவிட்டு, பாதியைக் காற்றில் கொப்பளித்து ஊதிவிடுவார். உனக்குத் தெரியும். இந்த வருஷம் ஒரு சொட்டு ஊதவில்லை, சிந்தவில்லை. தம்பி கொடுத்தது என்று சாமிக்கும் தெரிந்திருக்கிறது என்று பேசிக்கொண்டோம். அடியில் இரண்டு விரல் அளவு மிஞ்சும்போதுதான் பாட்டிலை இறக்கினார். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. "கருப்பு கண்ணீர் விடுறாருடி, இந்த வருசம் மழைதாண்டி" என்று ராக்கம்மாள் மதினி சொன்னாள். பொம்பளைகள் எல்லோரும் குலவை போட்டோம். நானும் போட்டேன் தம்பி.

அப்போது அவர் என் பக்கம் கையை நீட்டினார். என் கையில் செம்புத் தண்ணீர் இருந்தது. சாமி உடம்பை விட்டு மலையேறுகிறவரை தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பதுதானே வழக்கம். கருத்தக்கண்ணன் அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் செம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டேன். அவர் என்னையே பார்த்தார். பார்த்தது சாமியா என் வீட்டுக்காரரா என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியவில்லை.

இரண்டு பேருக்குக் குறி சொன்னார். மூன்றாவது ஆளுக்கு நாக்குக் குழறியது. அப்படியே சாய்ந்தார். சாமி மலையேறிவிட்டது என்று வேப்பமரத்தடியில் படுக்க வைத்துத் துண்டைப் போர்த்திவிட்டோம். மலையேறினால் கொஞ்ச நேரம் யாரும் தொடக் கூடாது. முக்கால் மணி நேரம் யாரும் தொடவில்லை. பாண்டீஸ்வரி மதுரையிலிருந்து பஸ்ஸில் அப்போதுதான் வந்தாள். அப்பா ஏன் குறட்டை விடவில்லை என்று கேட்டு, கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கத்தினாள். 108 வந்தது. உசிலம்பட்டி போவதற்குள் முடிந்துவிட்டது. என்ன குடித்தார் என்று டாக்டர் கேட்டார். பாண்டீஸ்வரி பாட்டிலைக் காட்டினாள். அந்த 137 என்ன என்று அவர்தான் சொன்னார்.

"சின்னவன் தாங்க மாட்டான், அவங்கிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது" என்று கருத்தக்கண்ணன் அண்ணன்தான் எல்லோரிடமும் சொன்னார். சொல்லிவிட்டு அவர் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள், அவரை எடுத்துவிட்டு வந்து நான் உட்கார்ந்திருக்கிறேன். தபால்காரர் சோலை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஒரு கவரை என் பக்கத்தில் வைத்தார். நீ ஜனவரியில் எழுதியது. ஒரு மூடிக்கு ஒரு மூடித் தண்ணீர் என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

நீ வாசனை கேட்டு எழுதினாய். இரண்டு விரல் மிச்சத்தை அவர் குழியில் ஊற்றியாகிவிட்டது. காலிப் பாட்டிலைத் தினம் ஒரு தடவை திறந்து மோந்து, தெரிந்ததை எழுதினேன். உனக்கு ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று எழுதினேன்.

நீ அனுப்பிய பாட்டிலுக்காக நான் ஒரு நாளும் உன்னைக் குறையாக நினைக்கவில்லை. நான் நினைப்பதெல்லாம் அந்தச் செம்பைப் பற்றித்தான்.

மதினி
செல்லத்தாய்


பார்ட்ஸ்டவுன்
2 நவம்பர் 2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை வண்டிக்குள் உட்கார்ந்து படித்தேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

முதலில் செம்பைப் பற்றி. இங்கே எனக்குத் தெரிந்த டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். அவ்வளவும் வயிற்றுக்குள் போன பிறகு ஒரு செம்புத் தண்ணீர் எதையும் மாற்றியிருக்காது என்றார். தொண்டை எரிச்சல் கொஞ்சம் அடங்கியிருக்கும், அவ்வளவுதான். உங்களை ஆற்றுவதற்காக இதை எழுதவில்லை. அவர் சொன்னதைச் சொல்கிறேன். முக்கால் மணி நேரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி என்னைப் பற்றி. பிப்ரவரி 25ஆம் தேதி நான் உங்களுக்குப் போன் செய்தேன், நினைவிருக்கிறதா? இம்மானுவேல் முன்னாடியே ஊருக்குப் போய்விட்டார் என்று எனக்கு அதற்கு முந்தின நாள்தான் தெரியும். பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். நீங்கள் பாண்டீஸ்வரிக்குக் கைக்கடிகாரம் வேண்டும் என்றீர்கள், என்ன கலர் என்று பேசினோம். பின்னால் யாரோ ஆடு வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். "வாரேன் தம்பி" என்று வைத்துவிட்டீர்கள். திரும்பக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும், அதில் எல்லாம் எழுதியிருக்கிறோமே என்று இருந்துவிட்டேன். இரண்டு நாள் இருந்தது மதினி. ஒரு நிமிஷப் பேச்சு. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் அந்தச் சீசாவில் மிஞ்சியிருந்ததை, ஒரு மடக்கு இருக்கும், மோக்காமல், தண்ணீர் விடாமல், அண்ணாந்து ஒரே மூச்சில் விழுங்கினேன். அண்ணனுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒன்றும் தெரியாது. வெல்லம் தெரியாது, சோளம் தெரியாது. நாக்கு மரத்துவிடுகிறது, பிறகு நெருப்பு மட்டும்தான். பதினோரு வருஷம் மரத்துக்குள் கிடந்து சேர்த்து வைத்த எதுவும் அவருக்குக் கிடைத்திருக்காது.

அதனால் ஒன்று செய்தேன். ஒவ்வொரு பீப்பாய்க்கும் எங்கள் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. என் பீப்பாயின் பக்கத்தில் ஐந்து பேரின் குறிப்பு இருக்கிறது. ஆறாவதாக உங்கள் குறிப்பை அப்படியே மொழிபெயர்த்து எழுதினேன். ருசித்தவர் என்ற இடத்தில் செல்லத்தாய் பேயாண்டி, புங்கம்பட்டி என்று போட்டேன். இது யார் என்று மேலாளர் கேட்டார். என் அண்ணன் மனைவி என்றேன். தேதி போடச் சொன்னார். எந்தத் தேதி போடுவது என்று தெரியாமல் அதை மட்டும் விட்டுவிட்டேன்.

விசா போன வாரம் வந்துவிட்டது. வருவதற்கு இப்போது தடை இல்லை. வரட்டுமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

உங்கள் கொழுந்தன்
அழகுராஜா


புங்கம்பட்டி
1.12.2025

அன்புள்ள தம்பிக்கு,

மதினி எழுதுவது. நான் சுகம். சுகர் இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது. இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்து கிடக்கிறது. ராக்கம்மாள் மதினி அதைப் பற்றி என்னிடம் வாயே திறப்பதில்லை. நானும் திறப்பதில்லை.

உன் கடிதத்தைக் கருத்தக்கண்ணன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அந்தப் போன் விஷயத்தையும் படித்தேன். கோபிக்காதே, அவரும் ஒன்பது மாதமாக ஒரு வாய் சோறு ஒழுங்காகத் தின்னவில்லை. "அவன் வந்தா அவன் மூஞ்சில எப்புடித்தா முழிப்பேன்?" என்றார். "அவனும் அங்க உக்காந்து இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கான், நானும் இங்க இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன், மூணு பேரும் எதுத்தாப்புல உக்காந்து முழிப்போம்" என்றேன். அழுதார். அப்புறம் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

மாசி அமாவாசையில் உன் அண்ணனுக்கு வருஷத் திதி. கடைசியாக மண் தள்ளத்தான் நீ இல்லை. இதற்காவது நீ இருக்க வேண்டும். பாண்டீஸ்வரிக்கும் உன்னைப் பார்க்க வேண்டுமாம். ஒரு மாத லீவு போடு.

வரும்போது கடைகடையாக ஏறி இறங்காதே. கைக்கடிகாரம் வேண்டாம், செண்ட் வேண்டாம், சாக்லேட் வேண்டாம். பெட்டி நிறைய உன் துணியை மட்டும் எடுத்துக்கொள். வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு வந்திருக்கிறான் என்று ஊரில் நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நீ கையை வீசிக்கொண்டு வா தம்பி.

மதினி
செல்லத்தாய்